செவிக்கு எட்டும் பதில் இல்லை

இருபத்திரண்டு விசைகள் என் சுருக்கெழுத்து இயந்திரத்தில்.
எந்தக் குரலையும் பிடித்துவிடும்.
சாட்சி வாய் திறக்காவிட்டால்
அடைப்புக்குறிக்குள் ஒரு வரி உண்டு:
செவிக்கு எட்டும் பதில் இல்லை.

உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளி மூடியிருந்த வாரம்.
ஆற்றுக்கு அக்கரை கனடா. இக்கரையில்
குடும்ப நீதிமன்றம், இரண்டாம் மாடி, கொதிக்கும் ரேடியேட்டர்.
எலோயிஸ், வயது ஏழு,
அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.
முழுக்கைக் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.

சான்று ஒன்பது, ஒரு புகைப்படம்:
தோளுக்குக் கீழே கன்றிய தடங்கள் நான்கு,
மறுபக்கம் ஒன்று.
தன் கையை விரித்துப் பார்த்த எவருக்கும்
கணக்கு சரியாக வரும்.
"கிடங்கு ஏணியில் இடித்துக்கொண்டாள்," என்றார் அப்பா.

நீதிபதி கோர்மியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தார்.
"இன்றைய மனு விடுமுறை நாட்களைப் பற்றியது மட்டும்.
மற்றதை நாற்பத்தைந்து நாள் கழித்துப் பார்ப்போம்."
தட்டினேன்.
நாற்பத்தைந்துக்கு இரண்டே அழுத்தல்.

பட்டியலைப் படித்திருக்கிறேன்,
சந்தேகம் வந்தாலே சொல்லியாக வேண்டியவர்களின் பட்டியல்:
ஆசிரியை, செவிலி, பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
நீச்சல் சொல்லித்தரும் கல்லூரிப் பெண்,
படச்சுருள் கழுவும் கடைக்காரர்கூட.
(அந்தக் கடையை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது.)
கறுப்பு அங்கி மட்டும் அதில் இல்லை.
நடுநிலை கெட்டுவிடுமாம்.
முள் நடுவில் நிற்கட்டும், சரி.
தட்டில் கிடப்பது யாரென்று
முள்ளுக்குத் தெரியவே கூடாதா?

நானும் அந்தப் பட்டியலில் இல்லை.
இதைச் சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.
தொலைபேசி என் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது,
அன்றும், அடுத்த நாற்பத்துநான்கு நாளும்.

பிப்ரவரியில்,
பனி வாரும் வண்டிக்குப் பின்னால் ஐந்து மணிநேரம் ஊர்ந்து
தலைநகருக்குப் போனார் கோர்மியே,
பட்டியலில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கும் மசோதாவுக்காக.
அந்தக் குழுவின் பதிவை வரவழைத்துப் படித்தேன்.
"பார்த்தேன்," என்று சொல்லியிருக்கிறார்.
"எனக்குக் கடமை இல்லை என்று சட்டம் சொன்னது.
அது எனக்கு வசதியாக இருந்தது."
தலைவர் கேட்டிருக்கிறார்:
"அந்தக் குழந்தை இப்போது எங்கே?"

அங்கே இருந்த சுருக்கெழுத்தர் யாரோ, முறைப்படி
அந்த ஒரு வரியைப் போட்டிருக்கிறார்.
நான் இருந்திருந்தால்
கண்ணாடியைத் துடைத்தார் என்று எழுதியிருப்பேன்.
விதிப்படி அது தவறு.