அளவுப் பலகை

தங்கை விக்டோரியா
ஆன்ட்வெர்ப்பிலிருந்து கணவனோடு வந்த வெள்ளிக்கிழமை
வாள்மீன் வாங்கினேன்.
துண்டுக்குத் துண்டு நடுவே பிரிஞ்சி இலை,
எலுமிச்சை, கரியடுப்பு.
இஸ்மிரில் எங்கள் வெள்ளிக்கிழமைகள்
அந்த வாசனையில்தான் தொடங்கும்.

ஸெலிக் நல்லவன்.
தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தக்காளியை மட்டும் எடுத்துக்கொண்டான்.
"இதற்குச் செதில் இல்லையே" என்றான்,
குற்றம் மீனுடையதல்ல, தன்னுடையது
என்பதுபோன்ற குரலில்.

இருந்தது, என்றேன்.
குஞ்சாயிருக்கையில் இருந்தது,
வளர்ந்தபின் உதிர்ந்தது.
கரையேறும்போது உதிர்த்துவிட்டாலும் பரவாயில்லை என்று
நம் ரபிகள்தானே எழுதிவைத்தார்கள்?

எழுதினார்கள், என்றான்.
ஆனால் அது செதில்தானா?
தோலைக் கிழிக்காமல் கழன்றால் செதில்.
இல்லாவிட்டால் வெறும் முரடு.

நானூறு வருஷமாய் இந்த ஊரில் தின்கிறோம், என்றேன்.
தலையசைத்தான்.
விருந்துக்கு வந்த இடத்தில்
நானூறு வருஷத்தோடு யார் மல்லுக்கட்டுவார்கள்.

விக்டோரியா ஒன்றும் சொல்லவில்லை.
பள்ளி நாட்களில் என் பங்கையும் சேர்த்துத் தின்றவள்
ஒற்றை விரலால் தட்டை
ஒரு விரற்கடை தள்ளிவைத்தாள்.
அந்த விரற்கடை எனக்குத் தெரியும்.
அளப்பதுதான் என் தொழில்.

மீனவர் கூட்டுறவில், விடியுமுன்,
படகுகள் வர வர அளந்து எழுதுவேன்.
கணவாய், இறால், நண்டு, சிப்பி:
இவற்றுக்கு எங்கள் வீட்டில் வழக்கே கிடையாது,
வாசலோடு சரி.
விலாங்குக்கும் செதில் உண்டாம்,
கண்ணுக்குத் தெரியாதது கணக்கில் சேராது.

சோறு அடைத்த சிப்பி,
கடற்கரைச் சாலையில், எனக்குப் பதினாறு வயதில்,
எலுமிச்சை பிழிந்து, மூன்று.
இதை ஸெலிக்கிடம் சொல்லவில்லை.
நான்காவதைத் தின்றது யார் என்றும் சொல்லவில்லை.

வாள்மீனுக்கு மட்டும் இரண்டு சட்டம்.
ஒன்று சீனாய் மலையிலிருந்து இறங்கியது.
மற்றது அங்காராவிலிருந்து சுற்றறிக்கையாய் வந்தது:
பலகையின் சிவப்புக் கோட்டை எட்டாததைப் பிடிக்காதே.
கோட்டுக்கு இந்தப் பக்கம் செதில்,
அந்தப் பக்கம் சந்தை.
சாட்சி சொல்லும் வயதில் அதைத் தொடக் கூடாது,
தொடலாம் என்ற வயதில்
அதன் கையில் சாட்சி இல்லை.

அவர்கள் ஊர் திரும்பிய மறு செவ்வாய்
தாஹ்சினின் வலையில் ஒன்று வந்தது.
முழங்கையைவிடக் கொஞ்சம் நீளம். செத்திருந்தது.
வேணும்னு பிடிக்கலை அக்கா, என்றான்,
அபராதச் சீட்டை நான் தொடுமுன்பே.

உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.
வாலிலிருந்து தலைக்கு விரலை ஓட்டினேன்.
பூனை நாக்கு.
பிறகு கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன்,
மேசை விளக்கின் கீழே, திருடியைப்போல.

வந்தது.
நகக்கண்ணில் வெள்ளையாய், அரிசி நொய்யில் பாதி.
தோல் கிழிந்ததா?
விளக்கைத் தள்ளிவைத்துப் பார்த்தால், இல்லை.
கண்ணாடி போட்டுப் பார்த்தால்,
கொஞ்சம்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

பேரேட்டில் எழுதினேன்:
வாள்மீன், ஒன்று, அளவு குறைவு.
தாஹ்சினுக்கு அபராதம் போட்டேன்,
போடாமல் முடியாது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நொய்யை ஓர் உறைக்குள் இட்டு
ஆன்ட்வெர்ப் முகவரி எழுதினேன்.
தபால்தலை ஒட்டவில்லை. இரண்டு மாதமாய்
அது இழுப்பறையில், சாவிகளுக்கு அடியில்.

நேற்று விக்டோரியா கூப்பிட்டாள்.
இங்கே பிரிஞ்சி இலை மணக்கவே மாட்டேன் என்கிறது,
கொஞ்சம் அனுப்பேன்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

காலையில் மரத்தடியில் நின்று ஒரு பை பறித்தேன்.
இலைகளுக்கு நடுவே உறையைச் செருகினேன்.
எடுத்தேன்.
மறுபடி செருகினேன்.

இன்று வெள்ளி. தபால் நிலையம்
ஐந்து மணிக்கு மூடிவிடும்.