காலண்டருக்குப் பின்னால்

மில்லராய் இன்று ஒரு பையனைக் கடித்துவிட்டாள்.
பள்ளியிலிருந்து சீட்டு வந்தது:
இடது முழங்கை. ரத்தம் இல்லை.
கையெழுத்துக் கோட்டின் கீழிருந்த
'பெற்றோர்' என்பதை அடித்துவிட்டு
'தாத்தா' என்று எழுதினேன்.

அவள் அம்மா யெர்கா
வடக்கே காலாமா சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள்.
போய் இன்று ஒன்பதாம் நாள்.
இங்கே புந்தா அரேனாஸில் நவம்பர் காற்று
ஒவ்வொரு தகரக் கூரையாய் நெம்பிப் பார்க்கிறது,
எது கழன்று வரும் என்று.

காலணியைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.
நாற்காலி விழுந்தது. பால் கிண்ணம் விழுந்தது.
முப்பது வருடம் நீரிணைப் படகின்
என்ஜின் அறையில் இருந்தவன் நான்.
அழுத்தம் ஏறினால் எந்த வால்வைத் திறப்பதென்று தெரியும்,
இரும்புக்கு.

பள்ளி ஆலோசகர் ஒரு தாள் கொடுத்திருந்தார்.
பத்து வரை எண்ணவும்.
மெழுகுவர்த்தியை ஊதுவதுபோல் மூச்சு விடவும்.
சத்தமாக வாசித்தேன்.
பிடுங்கி இரண்டாகக் கிழித்தாள்.
கோணாமல் கிழித்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்தாள்.
உள்ளறைக் கதவில் தொங்கிய
மீன் கம்பெனிக் காலண்டரையும்.
வருடா வருடம் புதிது வாங்கி
அதே ஆணியில்தான் மாட்டுவேன்.

அழுகை பாதியில் நின்றது.
"நோனோ, இந்த ஓட்டை யார் போட்டது?"

எலி என்று சொல்லியிருக்கலாம்.
எலிக்கு எட்டாத உயரம்.

"நான்தான்."
"எதால்?"
கையைக் காட்டினேன்.
"உள்ளே யாராவது இருந்தாங்களா?"
"உன் அம்மா. அப்போது பதினோரு வயது.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்."

நாற்காலியை நிமிர்த்திப் போட்டு ஏறினாள்.
தன் முட்டியை ஓட்டைக்குள் நுழைத்தாள்.
சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.
"உங்க கை ரொம்பப் பெரிசு," என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே போனோம்.
இப்படிப்பட்ட நாட்களில்
நடுத்தெரு ஓரங்களில் கயிறு கட்டியிருப்பார்கள்.
காற்றே அடங்கு என்று
நகராட்சி இதுவரை நோட்டீஸ் ஒட்டியதில்லை.
இடுப்பளவில் ஒரு கயிறு, அவ்வளவுதான்.
அவளுக்கு அது கழுத்தளவு.

வங்கி மூலையில் ஒரு வீச்சு.
என் முழங்கால் மடங்கியது.
இருவரும் ஒரே கயிற்றில் தொங்க
அவள் கத்தினாள், முழு வயிற்றிலிருந்தும்.
பாதிதான் காதில் விழுந்தது:
ரெனாட்டோ... அம்மாவே இல்லைன்னு... பொய்...
மீதி அண்டார்டிகா பக்கம் போயிற்று.
நானும் ஏதோ கத்தினேன்.
என்னவென்று அவள் கேட்கவில்லை.

இரவு ஒன்பதுக்கு யெர்கா அழைத்தாள்.
மில்லராய் முந்திக்கொண்டாள்:
"அம்மா, நான் ஒருத்தனைக் கடிச்சேன்.
அப்புறம் ஓட்டையைப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் ஒரு லாரி
பீப் பீப்பென்று பின்வாங்கிக்கொண்டே இருந்தது.
நான் தரையில் காய்ந்த பாலைச் சுரண்டினேன்.

"காலண்டர் எங்கே?"
"கீழே கிடக்கு."
"அவரைத் திரும்ப மாட்ட வேண்டாம்னு சொல்லு.
கடிபட்ட பையன் எப்படி இருக்கான்?"

நாளை அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.
பெயரில் எத்தனை 'ட' என்று இருவருக்கும் சந்தேகம்.

இங்கே இருட்டப் பத்தரையாகும்.
தூங்கப் போகும்முன் ஒன்று கேட்டாள்:
சமையலறை விளக்கை அணைக்க வேண்டாமாம்.
ஓட்டை வழியே வந்த வெளிச்சம்
போர்வையில் என் முட்டியளவு விழுந்து கிடந்தது.
அதன்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.