நடுத் தண்ணீர்

பத்து மாவுங்கில் பனிக்காலம்
இரவு ஏழரைக்குத் தொடங்குகிறது.
சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு
உப்புநீர்த் தொட்டியின் மூடிப் பலகைகளில் நடக்கிறேன்.
காலடியில் நானூறு தகரக் குவளைகள்,
ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் கனத்துக்குக் குழாய்த் தண்ணீர்.
சுற்றியுள்ள உப்புநீர்
பூச்சியத்துக்குப் பத்து டிகிரி கீழே போயும்
தான் உறையாது, தொட்டதை உறைய வைக்கும்.
அப்படி ஒரு மேலாளர் எங்களுக்கு இருந்தார்.

"இது தலைகீழ்க் குளிர், அபாங்" என்கிறான் பெம்பா,
பாதி மலாயில், பாதி கையில்.
நேப்பாள மலைக்காரன். மூன்றாவது பெர்மிட்.
அவன் ஊர் ஏரி மேலிருந்து உறையுமாம்.
முதலில் கரையோரம், உடைந்த கண்ணாடிபோல.
பிறகு காற்று நின்றுபோன ஓர் இரவு,
விடிந்து பார்த்தால் ஏரிக்கு மூடி.
அடியில் நாலு டிகிரியில் கனத்துக் கிடக்கும் நீர்,
வாயை மெல்ல அசைத்தபடி மீன்கள்.
மாடுகள் குடிக்கக் கோடரியால் துளை வெட்டுவானாம்,
மறுநாள் அதே இடத்தில் மறுபடி.

எங்கள் தண்ணீர் நாலு சுவரிலிருந்தும் உள்நோக்கி உறைகிறது.
உறையும் நீர் தன்னில் வேறெதையும் சேர்க்காது.
துருவை, சுண்ணாம்பை, குளோரின் நெடியை
நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும்.
விடிகாலை மூன்றரைக்கு
ஒரு கை நுழையும் அகலத்தில் மிஞ்சும்
போக்கிடமற்ற தண்ணீர்.

குழாய் விட்டு அதை உறிஞ்சுவது என் வேலை.
உறிஞ்சி, நல்ல தண்ணீர் ஊற்றினால்
கட்டிக்குப் பின்னால் வைத்து நாளிதழ் படிக்கலாம்.
விட்டுவிட்டால் நடுவில் வெள்ளையாய் ஒரு முதுகெலும்பு.
படகுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்று,
அரைத்துத் தெங்கிரி மேல் கொட்டத்தானே.
தெளிவு கேட்பவர்கள் ஓட்டல்காரர்கள்.

"உங்கள் ஏரியின் நடுவை யார் உறிஞ்சுவார்கள்?"
பெம்பாவுக்குக் கேள்வி புரியவில்லை.
போனை நீட்டினான்.
வெள்ளை வெளி. சிவப்பு பூட்ஸ் போட்ட சிறுமி
குப்புறப் படுத்து
ஏரியின்மேல் காதை வைத்திருக்கிறாள்.
"உறையும்போது பேசுமாம். மகள் சொல்கிறாள்."
அவளை அவன் பார்த்தது இரண்டு முறை.

ஆறு மணிக்குள் நூற்றுப் பன்னிரண்டு கட்டிகள் லாரி ஏற வேண்டும்.
கடைசி வரிசை, பதினேழாம் குவளை.
அதில் நான் குழாய் விடவில்லை.
பலகையைத் தூக்கிவிட்டுப் படுத்தேன்.
கம்ப்ரசர் இரைச்சலில் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை.
தாடையெலும்புக்குத் தெரிந்தது,
உள்ளே எங்கோ
ஒரு நூல் விரிந்தது.