கழித்தல்

காலை பத்து மணிக்குள் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி
ஸ்வர்ணபுரி முனிரத்தினம் ஒரு ராத்திரிக்கு இரவல் கொடுத்த
புது கிராபிக்ஸ் கார்டு.
மூன்று ஃபேன். ஒன்றேமுக்கால் கிலோ.
அறுபத்திரண்டாயிரம்.
கீறல் விழுந்தால் நம்முடையது.

எங்களுடையது பழசு.
ஓசூரில் எவனோ இரண்டு வருஷம்
இரவு பகலாய்க் காய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத காசு எடுத்து,
சலித்தபின் கைமாற்றியது.
பதினெட்டாயிரம். பில் கிடையாது.
சுற்றத் தொடங்குமுன் இடப்பக்க ஃபேன் ஒருமுறை செருமும்.

அஸ்தம்பட்டி மாடியில்
ரமீஜா நோட்டில் கோடு கிழித்தாள்:
நேரம், சூடு, வாட், சத்தம்.
சத்தத்தை எப்படி அளப்பது என்றேன்.
"கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினா பத்து மார்க் கம்மி."

சோதனைக்கு எடுத்த காட்சி
ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில்,
இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஒரு பங்களா.
சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு,
அடியில் காப்பிச்செடி,
எல்லாவற்றின் மேலும் மூடுபனி.
"பனி நிறைய வேணும், வீடும் தெளிவாத் தெரியணும்"
என்றிருந்தார் கட்டப்போகிறவர்.

பனிதான் கார்டைக் கொல்வது.
கல்லில் பட்ட வெளிச்சம்
பட்டதும் திரும்பிவிடும்.
பனிக்குள் போனதோ
தாலுகா ஆபீசில் மனு கொடுத்தவனைப் போல
ஒவ்வொரு துளியிடமும் நின்று நின்றுதான் வெளியே வரும்.

புதுசை எட்டு மணிக்குப் போட்டோம்.
ஒரு ஃபிரேமுக்கு நாற்பத்தோரு நொடி.
ரமீஜா எழுதி நிமிர்வதற்குள் அடுத்தது.
முந்நூறு வாட்டைத் தொட்டதும்
யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
ஃப்ரிட்ஜைப் பிடுங்கினோம்,
பிறகு தலைக்கு மேல் ஓடிய ஃபேனை.
அது அறுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை;
வேர்த்தது எங்களுக்கு.
தொண்ணூறு ஃபிரேம், மூன்று நொடிப் படம்,
ஒரு மணி இரண்டு நிமிஷம்.

பழசு செருமிவிட்டு ஆரம்பித்தது.
ஒரு ஃபிரேமுக்கு இரண்டு நிமிஷம் முப்பத்தைந்து நொடி.
எண்பத்துமூன்று டிகிரி.
யுபிஎஸ் வாய் திறக்கவில்லை.
ஃப்ரிட்ஜுக்கு உயிர் வந்தது.

பழசு ஓடும்போதுதான்
நாங்கள் கீழே இறங்குவது வழக்கம்.
தள்ளுவண்டியில் தட்டுவடை செட்.
இரண்டு தட்டுவடை, நடுவே துருவிய பீட்ரூட்,
ஒரு பக்கம் பச்சைச் சட்னி, ஒரு பக்கம் சிவப்பு.
கடிக்கிற சத்தத்தில்
எதிராளி பேசுவது பாதி கேட்காது.
அந்தப் பாதியில் வைத்துச் சொன்னாள்
பெங்களூரில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது என்று.

கேட்டது.
இன்னொரு செட் சொன்னேன், காரம் கூடுதலாய்.

புதுசு வாங்கினால் இருபத்துநாலு தவணை.
பாரத்தில் இரண்டு கையெழுத்து.

ஒன்றரை மணிக்கு
இரண்டின் கடைசி ஃபிரேமையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கழித்தேன்.
ஒரே படமாக இருந்தால் மீதி கறுப்பு.
கறுப்புத்தான் வந்தது, திரை முழுக்க.
நாற்பத்துநாலாயிரத்துக்கு வித்தியாசமே இல்லை
என்று வாயெடுத்தேன்.
"வெளிச்சத்தைக் கூட்டு" என்றாள்.

கூட்டினேன்.
இன்னும், என்றாள்.
பனி இருந்த இடத்தில் மட்டும்
பொடிப்பொடியாய் எழுந்தன புள்ளிகள்,
இரண்டு கார்டும் ஒத்துப்போகாத இடங்கள்.
ராத்திரி லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால்
சேலம் இப்படித்தான் கிடக்கும்.
"இதுல நம்ம மாடி எது?"
எனக்குத் தெரியவில்லை.
அவள் விரல் வைத்த இடத்தில்
திரை கொஞ்சம் சூடாக இருந்ததாம்.

காலை ஒன்பதரை.
பெட்டியில் வைத்து, அதே நுரைத்தாளை மூடி,
கவுண்டரில் நீட்டினேன்.
"எப்படி?" என்றார் முனிரத்தினம்.
"வேகம்."
"எழுதிடட்டுமா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
ரமீஜா வண்டியை அணைக்காமல் நின்றிருந்தாள்.