சான்றுப் பொருள்

ஹட்டன் நீதிமன்றத்தில்
மற்றவர் தமிழைச் சிங்களமாக்குவது என் வேலை.
மாதச் சம்பளம், பண்டிகை முற்பணம்,
நாளெல்லாம் நனைந்த குடைகளின் வாடை.

பவளராணி, வயது முப்பத்து நான்கு,
மேற்கணக்கு லயம், ஆறாம் காம்பரா.
முதல் தடவை கசிப்பு, ஐந்து போத்தல்.
தண்டம் கட்டக் காசில்லை; ஆறு மாதம்.
இரண்டாம் தடவையும் கசிப்பு.
அப்போது போத்தல்களை அவளே தூக்கிவந்து
பொலிஸ் வாசலில் வைத்தாளாம்.
சிரித்தார்கள்.
சிரிக்கும்படியாகத்தான் நானும் மொழிபெயர்த்தேன்.

இந்த முறை இரும்புக்கடையில் தாழ்ப்பாள்.
மூன்று.
பொலித்தீன் பையில் இலக்கமிட்டு
மேசையில் கிடக்கின்றன,
திருகாணிகூட இல்லாமல்.

ஏன் எடுத்தாய் என்றார் நீதவான்.
"கதவுக்குங்க."
ஒரு கதவுக்கு மூன்றா?
"ஒண்ணு போதாதுங்க."
யாருக்குப் பயந்து?
அவள் என் வாயைப் பார்த்தாள்.
கூண்டின் மரவிளிம்பை நகத்தால்
கொழுந்து கிள்ளுவதுபோலக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

பதில் இல்லை, என்றேன் சிங்களத்தில்.
அது பிழை.
பதில் இருந்தது. அவளுக்குப் பதினாறு வயதில்,
ஆளெல்லாம் பெரட்டுக்குப் போன ஒரு விடியலில்
தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பதில்.
போன வழக்கின்போது கழிவறைப் பக்கம் நின்று
என்னிடம் சொன்னாள், பெயரோடு.
அந்தப் பெயர் இன்னமும் கோயில் கமிட்டியில் இருக்கிறது.
கூண்டில் அவள் சொல்லாததை நான் சொல்லக்கூடாது,
சட்டம் அப்படி.
சட்டம் அப்படி இருப்பது எனக்கு வசதியும்கூட.

கோப்பில் ஒரு வைத்தியச் சீட்டு உண்டு:
'தூக்கமின்மை', இரண்டு வார மாத்திரை.
கிளினிக் மாதத்தில் ஒரு புதன்.
புதன் போனால் பேர் இல்லை,
பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை.

'திரும்பத் திரும்பக் குற்றம் புரிபவர்'
என்று எழுதிக்கொண்டார்கள்.
அந்தத் தொடர் இரண்டு மொழியிலும்
அப்படியே பொருந்தியது,
எனக்கு வேலையே வைக்கவில்லை.

சிறை வண்டியில் ஏறும்போது
மழைக்குள் திரும்பிக் கேட்டாள்:
"மிஸ், அங்க இன்னமும் வெளிய இருந்துதானே பூட்டுவாங்க?
ஒரு அம்மா ராவுக்கு ரெண்டு தரம்
பூட்டை இழுத்துப் பார்ப்பாங்க,
அவங்க இருக்காங்களா?
அந்தச் சத்தத்துலதான் மிஸ் கண்ணசரும்."

இருக்காங்க என்றேன்.
எனக்குத் தெரியாது.