விரிசல் மூலை

கரூவா பேருந்து நிலையத்தில்
இரவு பதினொன்றுக்கு மேல்
கடைசி வண்டியும் மரூவாவுக்குப் போனபின்
அஸ்தா கூலானியா
டிக்கெட் மேசையைத் துடைத்துவிட்டு
கலைக்களஞ்சியத்தைத் திறக்கிறாள்.
செல்போன் திரையின் இடது மூலையில் விரிசல்.
அங்கே வரும் சொல்லை
ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

சம்பளம் கிடையாது. செய்யச் சொன்னவரும் இல்லை.
"இதுக்கு எவன் காசு தர்றான்?"
என்றான் ஒருநாள் மூட்டைக்குச் சீட்டெழுதும் யெரிமா.
"எவனுமில்லை."
"அப்ப எவனோ உன்னை ஏமாத்துறான்"
என்று தேநீரில் நான்காவது சர்க்கரைக் கட்டியைப் போட்டான்.

சின்ன மொழிகளுக்கெல்லாம் இரண்டே வரி.
கேமரூனில் பேசப்படும் ஒரு மொழி.
பேசுவோர் மூவாயிரம், 1982.
அந்த மூவாயிரம் பேரும்
பிறக்காமல், சாகாமல்,
வரிக்குள்ளேயே நிற்கிறார்கள்,
'அசையாதீங்க' என்று சொல்லிவிட்டுப்
புகைப்படக்காரன் சாப்பிடப் போய்விட்டதைப் போல.

மலையிலிருந்து இறங்குகிறவர்களிடம்
சில்லறை எண்ணிக் கொடுக்கும்போதே விசாரிப்பாள்,
உங்க பேச்சுக்கு என்ன பேர்?
வெங்காய வியாபாரி ஒருவன் சிரித்தான்.
"பேரா? அது வாய். எங்க வாய்.
நீ காட்டுறது
கீழ்நாட்டுக்காரன் எங்களைத் திட்டுற சொல்லு."
அன்றிரவே தலைப்பை மாற்றினாள்.
விடிவதற்குள் வசவு திரும்பி வந்துவிட்டது,
கூடவே ஒரு குறிப்பு:
ஆதாரம் தேவை.
போட்டவன் பெயர் பனிநரி77.
எந்த ஊர்க் குளிரில் உட்கார்ந்திருக்கிறானோ.
கெட்டவனில்லை,
காற்புள்ளியை இடமறிந்து வைக்கிறவன்.
ஆனால் ஒரு வெங்காய வியாபாரியின் வாயை
எத்தனையாம் பக்கம் என்று எழுதுவது?

மாயோ கிந்தே என்றோர் ஊர்.
வரைபடத்தில் அது
லாக்தோ அணைத் தண்ணீரின் நடுவில் கிடந்தது,
கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே,
ஒரு சிவப்புப் புள்ளி.
எவனோ தூக்கக் கலக்கத்தில் அடித்த எண்
என்று நினைத்தாள்.
தசமத்துக்குப் பக்கத்து எட்டை ஒன்பதாக்கினாள்.
அவ்வளவுதான்.
பள்ளிக்கூடம், கிணறு, சோளக் குதிர்கள்,
உடம்பை உதறிக்கொண்டே ஆடுகள்,
ஊரே மேடேறி வந்தது.
இருபத்தெட்டு வயதுக்குள்
இத்தனை பெரிய காரியம் அவள் செய்ததில்லை.
நரிகூட நன்றி போட்டிருந்தான்.

மூன்று வாரம் கழித்து
கருவாட்டு மூட்டையோடு ஒருத்தி.
"மாயோ கிந்தேக்கு ஒண்ணு."
அஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை,
செல்போனைத் திருப்பிக் காட்டினாள்.
அந்தப் பெண் புள்ளியைப் பார்த்தாள்,
ஏரியைப் பார்த்தாள்.
"இது புது ஊரு.
தண்ணி ஏறினப்ப அரசாங்கம் கொண்டுவந்து விட்ட இடம்.
பழசு இங்க" என்று
நீலத்தின் நடுவில் விரலை வைத்தாள்.
நகத்தில் செதில் ஒட்டியிருந்தது.
"எங்கப்பன் வீட்டுக் கூரைக்கு மேலதான் வலை போடுறேன்.
சுவர் இடுக்குல மீன் நல்லா அடையும்."

"ரெண்டுக்கும் ஒரே பேரா?"

"பின்ன? பேரை மாத்தினா
கடன்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?
மீதி இருநூறு குடு."

அன்று நான்கு வண்டிகள் தாமதம்.
ஒருவன் கோழிக்கும் டிக்கெட்டா என்று சண்டை போட்டான்.
பதினொன்றரைக்கு அஸ்தா உட்கார்ந்தாள்.
ஒன்பதை எட்டாக்கினாள்.
மேட்டு ஊருக்குத் தனியாக ஒரு பக்கம் திறந்தாள்,
அதற்கும் அதே பெயர்.
மாற்றத்துக்கான காரணம்
என்ற கட்டத்தில்
எழுதினாள், அழித்தாள், எழுதினாள்:
அதன் மேல் மீன் பிடிப்பவர் சொன்னார்,
டிக்கெட் எண் 40716.
நரி இதை என்ன செய்வானோ.

பொத்தானை அழுத்தினாள்.
நிலையம் முழுக்க மின்சாரம் போனது.
சேமித்தாயிற்றா இல்லையா என்று சொல்லும் சொல்
விரிசல் மூலையில் வந்து நின்றது.
அவள் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க,
இருட்டில் யெரிமா
சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான்.