சீட்டு

குண்டடத்துக் கோயிலில் காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில்
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
மூடியில் துளை போட்டவர் கோயில்பிள்ளை மத்தேயு.
சுகமில்லாதவர் பேரை எழுதி அதில் போட வேண்டும்.
பஸ் டிக்கெட்டின் முதுகில்,
நூல்மில் சம்பளக் கவரில்,
ஒருமுறை வெற்றிலைக் கட்டுக் காகிதத்தில்.
ஞாயிறு ஏழரைக்கு நான் பிரிப்பேன்.

நோட்டில் இரண்டு பத்தி:
சுகவீனர். தேறி வருகிறவர்.
அங்கிருந்து இங்கே பேர் நகரச்
சிலருக்கு ஒரு வாரம்,
சிலருக்கு இரண்டு லெந்து காலம்.
மூன்றாவது பத்தி கிடையாது.
அந்த நோட்டு மத்தேயுவிடம்,
கல்லறைத் தோட்டச் சாவியோடு.

பெர்சிஸ் அக்கா, மூட்டு.
மின்வாரியத்து சாலமோன், கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு.
லேயாளின் கைக்குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை,
லேயாள் பாப்பா என்றே வாசிக்கிறேன்.
ரோசி, கால் வீக்கம்.
நாலு வாரம் முழங்காலிட்ட பிறகுதான் தெரிந்தது
அது கிருபாவதி வீட்டு எருமை.
போதகர் சிரிக்கவில்லை.
"இப்ப எத்தன லிட்டர் கறக்குதுங்க?" என்று கேட்டார்.
தேறி வருகிற பத்திக்கு மாற்றினேன்.

ஆனி பிறந்து
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில்
காத்தாடிகள் இரைச்சலெடுத்த வாரம்,
பாட்டிலுக்குள் ஒரு சீட்டு:
எலீசர். கோயமுத்தூர். இருதயம். மூன்று அடைப்பு.
அவர் மனைவியின் கையெழுத்து.
எனக்குப் பழக்கம்.
ஏலச்சீட்டு ரசீதுகளிலும் அதே கைதான்.

மாசம் இரண்டாயிரம், இருபத்து மூன்று மாசம் கட்டினேன்.
நைட் ஷிப்டில் தூக்கத்தை விற்ற காசு.
இருபத்து நாலாம் மாசம்
"மோசம் போயிருச்சுங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார்.
பொறுத்தேன்.
மகளின் நர்சிங் சீட்டும் போனது.
கோயிலில் அதே வெள்ளைச் சட்டை, அதே முன்வரிசை,
அதே "ஸ்தோத்திரமுங்க".

வாசித்தேன்.
வாசிக்காமல் என்ன செய்ய.
பெர்சிஸ், சாலமோன், லேயாள் பாப்பா என்று
ஓடி வந்த நாக்கு
அவர் பேருக்கு முன்னால் கல் தடுக்கி நின்றது.
ஒரு மூச்சு.
பிறகு, எலீசர்.
கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும் என்றது சபை.
ஒன்பது ஞாயிறு இப்படி.
சாகக் கூடாது என்றுதான் வேண்டினேன், நெசம்.
செத்துவிட்டால் பணத்தை யாரிடம் கேட்பது?

பத்தாம் ஞாயிறு வந்தார்.
சட்டை அவரை விடப் பெரிதாகியிருந்தது.
முன்வரிசைக்குப் போகவில்லை,
கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.
எல்லாரும் போன பின்
நான் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருக்கையில்
நெஞ்சைக் கையால் தாங்கியபடி வந்தார்
(எலும்பு ஒட்டும் வரை இருமக் கூடப் பயமாம்).

"ஆஸ்பத்திரியில போன்லயே ஆராதனை கேட்டனுங்க.
எல்லாப் பேரையும் சரசரன்னு வாசிச்சுப்போட்டு
எம்பேரு வர்றப்ப மட்டும்
ஒரு மூச்சு நிப்பாட்டுவீங்க.
எனக்குன்னு தனியா வேண்டிக்கறீங்கன்னு
ஊட்டுக்காரிகிட்டச் சொல்லி அழுதனுங்க.
அந்த ஒரு மூச்சுக்குத்தான்
வாரம் பூராக் காத்துட்டிருப்பேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கோணும்.
இல்லை, சொல்லக் கூடாது.
பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை.
சைக்கிள் நிறுத்துகிற இடம் வரை
காற்றில் சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

அடுத்த வாரம் பேரைப் பத்தி மாற்றி எழுதினேன்.
தேறி வருகிறவர்: பெர்சிஸ், ரோசி, எலீசர்.
எருமைக்கு அடுத்து அவர்;
அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.
நிற்காமல் வாசித்துப் போய்விடத்தான் நினைத்தேன்.
கதவோரம் கண் போனது.
தலை குனிந்து, கண் மூடி,
நெஞ்சில் கை வைத்து
அவர் அந்த மூச்சுக்குக் காத்திருந்தார்.

நின்றேன்.
அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டால்
நாற்பத்தாறாயிரம் இருந்தது.
கொஞ்சம்
அவரும் இருந்தார்.